கதவோரத்து டம்ளர்

ணங்!

அறை வாசலில் டம்ளர் வைக்கிற சத்தம். அடுத்து, விலகிப் போகிற செருப்புச் சத்தம்.

வீட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த மூத்த மருமகள் எட்டிப் பார்த்தாள். ஆறவைத்த பால். அவளுக்கென்றே ஒதுக்கிய டம்ளர்.

சுரீரென்றது. வாயில் இல்லை, மனசில்.

தன் புடவைகளை மட்டும் பிரித்தெடுத்துப் பெட்டிக்குள் திணிக்க ஆரம்பித்தாள்.

"எங்கக்கா கிளம்பறீங்க?" பெட்டிச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்த இளைய மருமகள், படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். மூக்குவரை முகமூடி.

"எங்க அண்ணன் வீட்டுக்கு. அங்க யாரும் என்னைத் தள்ளி நின்னு பார்க்க மாட்டாங்க."

"அக்கா..."

"அக்காவாவது நொக்காவாவது! வாய் பூராப் புண்ணு, தண்ணி குடிச்சாலே உயிர் போகுது. இதுல தனித் தட்டு, தனி டம்ளர்! உன் குட்டிப் பயலைக்கூடக் கிட்ட விடமாட்டேங்கற. இது யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல இருந்தே?"

"இருந்தேன்கா. உடம்பைக் காக்கிற சக்தியே ஆள் தெரியாம உங்க வாயைத் தாக்குதுன்னார்."

"வீட்டு ஆளையே கடிக்கிற காவல் நாயான்னு நான்கூடக் கேட்டேனே!"

"கேட்டுட்டு அழ ஆரம்பிச்சிட்டீங்க. மிச்சம் உங்க காதுல விழலை போல."

"என்ன மிச்சம்?"

"அவர் எழுதிக் குடுத்த மாத்திரை அந்த நாயைக் கட்டிப் போட்டுடுமாம். நிஜத் திருடன் வந்தாலும் சட்டுனு பாயாதாம். சளி, காய்ச்சல் எதுவும் ஒட்டாமப் பார்த்துக்கங்கன்னார். நான் வேலை பார்க்கிறது குழந்தைங்க காப்பகத்துல. ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகறது நின்னா இன்னொண்ணுக்கு ஆரம்பிக்கும். குட்டியும் அங்கதான் இருக்கான். அதான் உங்க டம்ளரை மட்டும் வெந்நீர்ல போட்டு எடுத்து..."

புடவை திணித்த மூத்தவளின் கை நின்றுவிட்டது.

"அப்ப, நீயும் அவனும் பின்வாசல் படியில உட்கார்ந்து சாப்பிடறது?"

"ஒதுக்கி வெச்சது உங்களை இல்லக்கா. எங்களை."



"நல்லா இருப்பேடி" என்றாள் மூத்தவள். குரல் உடைந்தது. "வாய்க்குள்ள ஒரு நாய் பத்தாதுன்னு மனசுக்குள்ள நானும் ஒண்ணு வளர்த்திருக்கேன் பாரு. சொந்த ஆளைப் பார்த்தே பாய்ஞ்சிடுச்சு."

முகமூடிக்கு மேலே இளையவளின் கண்கள் சிரித்தன.

மூத்தவள் டம்ளரை எடுத்தாள். எரிந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

பிறகு பெட்டியைக் கவிழ்த்துப் புடவைகளை வெளியே தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து துணி மடிக்க ஆரம்பித்தாள். குட்டியின் சட்டைதான் முதலில் கையில் வந்தது.