ஒரு வாய் விதி

முதியவர்களுக்கு வீட்டுக்கே சாப்பாடு அனுப்பும் திட்டம் அது. கொண்டுவருபவர் அவர்கள் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் பரிமாற வேண்டும் என்பது விதி.

“உங்க மனு ஜெயிச்சிடுச்சு சார்,” என்று பெரியவரிடம் படிவத்தை நீட்டினார் உணவுப் பாதுகாப்பு அதிகாரி. “‘என் வாய், என் வயிறு, நடுவுல அரசாங்கம் எதுக்கு’ன்னு மூணு வருஷம் முன்னாடி எழுதினீங்களே? கையெழுத்துப் போடுங்க. இனிமே யாரும் ருசி பார்க்க வேண்டாம். சாப்பாடு கொண்டுவர்ற இந்தப் பொண்ணுக்கும் நேரம் மிச்சம்.”

பெரியவர் பேனாவைத் தொடவில்லை. “சாப்பாடு கெட்டுப்போயிருந்தா?”

“இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் கெடலையே!”

“நாளைக்குக் கெட்டா நீங்களா வந்து நிப்பீங்க? விதின்னா விதிதான்.”

கேரியர் கொண்டுவந்த பெண் அவசரமாக ஒரு வாய் சாப்பிட்டாள். “நல்லாத்தான் இருக்கு சார்,” என்று எழுந்தாள்.

“ஒரு வாய்ல என்னம்மா தெரியும்? உக்காந்து இன்னும் நாலு வாய் சாப்பிட்டுப் பாரு.”

அதிகாரிக்கு எரிச்சல் வந்தது. “அன்னைக்கு இந்த விதியே வேண்டாம்னு அவ்வளவு சண்டை போட்டீங்களே சார்?”

பெரியவர் கையெழுத்திடாத படிவத்தை மடித்து அவரிடமே கொடுத்தார்.

“அன்னைக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட என் வீட்டுக்காரி இருந்தாளே.”