இரண்டு தட்டுப் பூஞ்சை

“யார் பார்த்த வேலை இது?”

டைரக்டர் போட்ட சத்தத்தில் ஆய்வகமே கிடுகிடுத்தது.

மேசைமேல் இரண்டு தட்டுகள். வைக்கோலை நறுக்கிப் பரப்பி, அதில் பூஞ்சை வளர்ப்பார்கள். பூஞ்சை வைக்கோலைச் சர்க்கரையாக்கிக் கொடுக்கும். பக்கத்து அறையில் அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து வண்டிக்கு ஊற்றும் எரிபொருளாக்குவார்கள். வெள்ளை வெளேரென்று பூத்திருக்க வேண்டிய பூஞ்சை, இரண்டு தட்டிலும் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

ஒரு தட்டு, அங்கே தற்காலிகமாக வேலை பார்க்கும் பெண்ணுடையது. சதா ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே அவளுக்கு ‘எறும்பு’ என்று பட்டப்பெயர். இன்னொரு தட்டு இரட்டையப்பாவுடையது. இரட்டைக் குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மனிதர் நின்றுகொண்டே தூங்குவார்.

இருப்பதோ ஒரே ஒரு நிரந்தர வேலை. யார் தட்டு அதிகச் சர்க்கரை தருகிறதோ, வேலை அவருக்கு. நடுவில் மூன்று நாள் விடுமுறை வந்துவிட்டது. தினமும் ஒரு நடை வந்து, அவரவர் தட்டுக்கு மட்டும் ஒரு தடவை தண்ணீர் தெளித்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார் டைரக்டர்.

“தண்ணி அதிகமானா பூஞ்சை போச்சுன்னு ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும். போட்டின்னு வந்துட்டா இப்படியா? அடுத்தவங்க தட்டுல கை வெச்சவங்க யாரா இருந்தாலும் சரி, சீட்டைக் கிழிச்சுடுவேன்!”

எறும்பு இந்த வேலையை நம்பித்தான் புது வீட்டுக்கே முன்பணம் கொடுத்திருந்தாள். ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்கவும் மனசு கேட்கவில்லை.

“நான்தான் சார்.”

“நினைச்சேன்!”

“கெடுக்கணும்னு இல்ல சார். அண்ணன் வீட்ல ரெண்டு பச்சக்குழந்தைங்க. தூக்கக் கலக்கத்துல மறந்துட்டா பாவம்னு, அவர் தட்டுக்கும் ஒரு தடவ தெளிச்சேன்.”

“அப்போ உன் தட்டு எப்படிக் கெட்டுச்சு?”

காலையிலிருந்து அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

இரட்டையப்பா கொட்டாவியை விழுங்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அது நான் சார். லீவுல வீடு மாத்துறேன்னு தங்கச்சி சொல்லுச்சு. மூட்ட முடிச்சுக்கு நடுவுல இத எங்க ஞாபகம் வெச்சுக்கப் போகுதுன்னு நான்தான் தெளிச்சுட்டுப் போனேன்.”

“அண்ணா! நான் மூணு நாளும் வந்தேனே!”

“நானுந்தாம்மா வந்தேன்! புள்ளைங்க தூங்குற நேரம் பார்த்து ஓடி வந்தேன்.”

எறும்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேலை போகிற நேரத்தில் இதென்ன சிரிப்பு என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

“ஆனா சார், ரெண்டு தடவ தெளிச்சதுக்கெல்லாம் இப்படிக் குளமா நிக்காதே?”

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“விடுங்க, விடுங்க. ஆனது ஆகிப்போச்சு. புதுசா ரெண்டு தட்டு போடுங்க.”

இவ்வளவு நேரம் குதித்தவர் ஏன் பொசுக்கென்று அடங்கிவிட்டார் என்று இருவரும் விழித்தார்கள். அதற்குள் காவலாளி உள்ளே வந்தார்.

“சார், கவலையே படாதீங்க. போன வாரம் மாட்டின கேமராவுல எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்துட்டேன்.”

“கேமராவா? இந்த ரூம்லயா?”

“ஆமா சார். காலையில இந்தம்மா, மத்தியானம் இவரு. ரெண்டு தட்டுக்கும் ஆளுக்கு ஒரு தடவதான் தெளிச்சாங்க. சாயங்காலம் வந்தவர்தான் ரெண்டு தட்டுலயும் குவளை குவளையா ஊத்திட்டுப் போறாரு.”

“சரி சரி, நீங்க கிளம்புங்க…”

“இருங்க சார், அந்தக் கேமராவுல பேச்சும் பதிவாகுது. ‘பாவம், ரெண்டு பேரும் தெளிக்க மறந்துட்டாங்க போல, இதனால யாருக்கும் வேலை போயிடக் கூடாது’ன்னு புலம்பிக்கிட்டே மூணு நாளும் ஊத்துனது நீங்கதானே சார்?”