எட்வினின் கண்ணாடி

எங்கள் வீட்டில் இருப்பது வெறும் வெள்ளைச் சுவர்கள்தான். அலங்காரமெல்லாம் அவரவர் மூக்குக்கண்ணாடி காட்டும் காட்சிதான். மாதாமாதம் நான் என் கண்ணாடியில் திரைச்சீலை, சரவிளக்கு, சோபா உறை எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, கணவர் எட்வினும் தன் கண்ணாடியில் அப்படியே மாற்றிக்கொள்ள, அவரிடம் விவரமாகச் சொல்வேன். "நல்லாருக்கு" என்பார். எப்போதும் அந்த ஒரே சொல்.

இன்று காலை அவசரத்தில் அவருடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டேன். கல்யாணமான புதிதில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை தெரிந்தது. நீலச் சுண்ணாம்புச் சுவர். ஜன்னலில், என் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து நான் தைத்த திரை.

"இத்தன வருஷமா இதையா பாத்துட்டிருந்தீங்க?"

"ஏன், நீ தச்சதுதான."

திரையின் ஓரம் அன்றுபோலவே கோணலாக இருந்தது. இழுத்துச் சரிசெய்யக் கை நீட்டினேன். விரலில் பட்டது சுவர்.