கதவு திறக்காத விண்கலம்

“கதவைத் திறக்கச் சொல்லுங்க. எனக்கு மூச்சு முட்டுது.”

டீச்சர் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சாயங்காலம்தான் பூமியில இறங்குவோம். அதுவரைக்கும் பொறுத்துக்கோ,” என்றார் புருஷன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பற்பசை தீர்ந்தால் டியூபைக் கத்தரித்து வழித்தெடுக்கிற ஆள். அப்பேர்ப்பட்ட மனுஷன் வெள்ளிக்கிழமை மதியம் டாக்ஸி வைத்துக்கொண்டு ஸ்கூல் வாசலில் வந்து நின்றார். வீட்டுக்குப் போய் ஒரு மாற்றுப் புடவை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. வேலை நேரத்தில் அணைத்து வைத்த போனை அவள் ஆன் பண்ணப் போனபோது, “அதை இப்படிக் கொடு” என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போய் இறங்கிய இடம், விண்கலம் மாதிரியே கட்டிய ஒரு ஹோட்டல்.

ஜன்னல் கிடையாது. அதற்குப் பதில் நட்சத்திரம் ஓடும் திரை. உள்ளே போனால் ஞாயிறு சாயங்காலம்தான் வெளியே வர முடியும். போன்களை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். சமையலறைக் கூரை ஒழுகுகிறதென்று சேர்த்து வைத்திருந்த பணம் மொத்தமும் இதில் போய்விட்டது.

படுக்கை என்ற பெயரில் சுவரில் ஒரு டிராயர். புரண்டு படுத்தால் நெற்றி இடித்தது. சாப்பாட்டை டியூபிலிருந்து பிதுக்கிச் சாப்பிட வேண்டும். கழிவறையில் உட்கார்ந்தால், பெல்ட் போடச் சொல்லி ஒரு குரல் மிரட்டியது.

“காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்கினது நாமளாத்தான் இருப்போம்,” என்றாள்.

ஹோட்டலில் கொடுத்த விண்வெளி ஹெல்மெட்டை மற்ற விருந்தாளிகள் வந்த அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டார்கள். இவர் மட்டும், அறையை விட்டு வெளியே வந்தாலே, “கழட்டாதே, மாட்டிக்கோ” என்று பின்னாலேயே வந்தார்.

“எதுக்குங்க?”

“கொடுத்த காசுக்கு முழுசா அனுபவிக்கணும்ல.”

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் கேப்டனிடம் போனாள். வெள்ளி நிற உடுப்பில் ஒரு இளம்பெண்.

“ஏம்மா, நிஜமாவே இந்தக் கதவு திறக்காதா?”

“விண்வெளியில கதவைத் திறக்கக் கூடாது, மேடம்,” என்றாள் கேப்டன். சொல்லும்போது அவள் கண் டீச்சரைத் தாண்டிப் பின்னால் நின்ற புருஷன் பக்கம் போனது.

டீச்சருக்குச் சுருக்கென்றது. மத்தியானம், ‘இதோ வந்துடறேன்’ என்று அவர் நழுவியபோது சத்தம் போடாமல் பின்னாலேயே போனாள். கட்டுப்பாட்டு அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

“எவ்வளவு கெஞ்சினாலும் அவளை வெளியே விட்டுடாதீங்க,” என்றது அவர் குரல். “வேணும்னா இன்னொரு நாளைக்கும் பணம் கட்டிடறேன்.”

“சார், யார் கேட்டாலும் திறந்து விடணும்கறதுதான் இங்க ரூல். உங்களுக்காகத்தான் பொய் சொல்லிட்டிருக்கேன்.”

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் தன்னை அடைத்துப் போட்டிருக்கிறார். எதை மறைக்க? வீட்டை விற்றுவிட்டாரா? இல்லை, வீட்டில் வேறு யாராவது...? நினைப்பு போகக் கூடாத இடமெல்லாம் போய் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

உள்ளே விண்வெளியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, சுவரில் டிவி. டிவியில் அவள் முகம்.

ஸ்கூல் வராந்தாவில் ஒரு சின்னப் பையனைக் குனிய வைத்து, கத்திக்கொண்டே முதுகில் பளார் பளாரென்று அறைந்துகொண்டிருந்தாள். ‘பிஞ்சை அடித்த ஆசிரியை’ என்று கீழே எழுத்து ஓடியது. அடுத்த படத்தில் அவர்கள் வீடு. கேட் பெயர்ந்து கிடந்தது. ஒரு ஜன்னலிலும் கண்ணாடி இல்லை.

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவன் பேனா மூடியை முழுங்கிட்டாங்க. மூச்சே இல்லை. முதுகுல தட்டினதும் வெளியே வந்து விழுந்துடுச்சு. அப்புறம் விளையாடக்கூடப் போயிட்டானே.”

“தெரியும்,” என்றார் அவர். “ரோட்ல போனவன் எவனோ வீடியோ எடுத்து, நீ தட்டின இடத்தை மட்டும் வெட்டி நெட்டுல போட்டுட்டான். ஹெட்மிஸ்ட்ரஸ் உடனே எனக்கு போன் பண்ணினாங்க. ஸ்கூல் கேமராவில முழுசா இருக்காம். ஆனா எடுத்துக் கொடுக்க ஞாயித்துக்கிழமை ஆகும்னாங்க. அதுக்குள்ள வீட்டு வாசல்ல கும்பல் சேர்ந்துடுச்சு.”

“என்கிட்ட சொல்லலையே.”

“சொன்னா நீ ஒண்ணு விடாம படிப்பே. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா அங்கேயும் டிவி. போன மாசம் இங்கதான் லிஃப்ட் மாட்டினேன். போனும் ஜன்னலும் இல்லாத இடம் எனக்கு வேற தெரியலை.”

“சார், வந்துடுச்சு,” என்றாள் கேப்டன்.

டிவியில் அதே வராந்தா. இந்தத் தடவை பையன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவது தெரிந்தது. மூடி தெறித்து விழுந்தது. அவன் ஓவென்று அழ, டீச்சர் அவனை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தானும் அழுதாள்.



கேப்டன் பூட்டி வைத்த பெட்டியைத் திறந்து டீச்சரின் போனை எடுத்து வந்தாள். “அந்த வெட்டின வீடியோவை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன், மேடம்,” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

டீச்சர் கை நீட்டுவதற்குள் அவர் போனை வாங்கிக்கொண்டார். ஆன் பண்ணினார். பெற்றோர் குரூப்பில் செய்திகள் கொட்டின. கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனார். தள்ளும்போது அவர் முகம் போன போக்கை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

‘மன்னிச்சிடுங்க டீச்சர்’ என்று யாரோ எழுதியிருந்த வரி வந்ததும் நிறுத்தி, போனை அவள் கையில் வைத்தார்.

“இங்கிருந்து படி,” என்றார். “மேலே மட்டும் போகாதே.”