புதன்கிழமை ஜெபக்குழு

"பல்லிக்கு வால் முளைக்கிறதப் பத்தி நாம கண்டுபிடிச்சத வேற லேப் முந்திக்கிட்டு பத்திரிகைக்கு அனுப்பிடுச்சாம்! வெளிய சொன்னது நீதானே வீபே?" உயிரியல் பேராசிரியை ஆல்ட்யே தன் ஆராய்ச்சி மாணவனிடம் கத்தினார்.

"சத்தியமா நான் இல்ல, புரொபசர்."

"கடவுளே இல்லங்கிறவனுக்குச் சத்தியம் வேறயா? பாடம் சொல்லிக் குடுத்த என் வயித்துலயே அடிச்சிட்டியே! லேப் சாவிய வெச்சுட்டுக் கிளம்பு!"

சாவியை வைத்துவிட்டுப் போனான் வீபே.

அன்று மாலை, க்ரோனிங்கன் நகரத் தேவாலயத்தின் ஜெபக்குழுவில், வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரைனவுட் சாட்சி சொல்ல எழுந்தார்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! பல்லி வாலப் பத்தி எங்க லேப் அனுப்புன கட்டுரைய ஏத்துக்கிட்டாங்க."

எல்லோரும் "ஆமென்" என்றார்கள். ஆல்ட்யே மட்டும் ரைனவுட்டைத் திரும்பிப் பார்த்தார்.

எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று ஒன்றுவிடாமல் சொல்லி, தன் ஆராய்ச்சிக்காக ஜெபிக்கும்படி சில மாதங்களுக்கு முன் இதே குழுவிடம் கேட்டவர் ஆல்ட்யேதான்.

அன்று எல்லோரையும்விட உருகி ஜெபித்தவர் ரைனவுட்.