மூக்கம்மாளின் ஸ்லைடு

கெங்குவார்பட்டி மூக்கம்மாளின் மார்புக் கட்டியை டாக்டர் சுருளிராஜன் முதலில் பார்க்க வந்தபோது, திரைகூடப் போடாமல் ஆறு மாணவர்களைச் சுற்றி நிறுத்தினார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இவுக போகட்டும் தாயி, ஒங்கிட்டன்னா காட்டுறேன்" என்றாள், ரத்தம் எடுக்க வந்திருந்த லேப் டெக்னீஷியனான என்னிடம்.

"இதுகளுக்கெல்லாம் நேரமில்ல" என்று அந்த மேதை நகர்ந்துவிட்டார். அறுவைச் சிகிச்சைக்கு அவள் வந்தபோது கட்டி முற்றிவிட்டிருந்தது. இறந்துபோனாள்.

2007-இல் அவருக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது. புற்றுச் செல்லின் மேற்பரப்பு நொதி உள்ளே போய்த் திரும்பி வருவதைப் பற்றி. அதற்கு மட்டும் மூக்கம்மாள் வேண்டியிருந்தாள். அறுவையில் வெட்டி ஃபார்மலினில் பதப்படுத்தி வைத்திருந்த அவளுடைய சதைத் துணுக்கில் நொதிக்குப் பச்சைச் சாயம் ஏற்றினேன். ஃபார்மலினில் ஊறிச் செத்த செல்லில் எதுவும் நகராது.

ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து நான் பார்த்தபோது பச்சை ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் வளையமாக நின்றது. அவர் குனிந்து பார்த்தார்.

"விளிம்புல ஒண்ணுமில்ல. எல்லாம் உள்ள கிடக்கு. சாயம் போடக்கூடத் தெரியாதா?"

அவர் போனதும் பார்த்தேன். வளையம் இருந்தது. ஐந்து நாளும் இதே கதை, இதே ஏச்சு.

ஆறாம் நாள் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டும் நான் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவு திறந்தது. எல்லாச் செல்களும் ஒன்றாகப் பச்சையை உள்ளே இழுத்துக்கொண்டன.