ஊர் பார்க்கும் பெட்டி

ஓய்வு பெற்ற நாளிலிருந்து திரையில் கார் ரேஸ் ஓடத் துடித்த நீர்வேலிப் பஞ்சலிங்கத்தார், கேம் பெட்டியைத் திருத்தும் கடை மேசையில் வைத்த வேகத்தில் வெளியே யாழ்ப்பாணப் பஸ் நிலையமே ஒருமுறை குலுங்கியது.

"மகன் ஜப்பானிலை இருந்து அனுப்பினவன், தம்பி. இஞ்சை வாங்கின சீடியைப் போட்டால், வேறை நாட்டுச் சீடியாம், எடுக்காதாம்! தூ, உதெல்லாம் ஒரு மெஷினோ?"

"கொம்பனி பூட்டி விட்டிருக்கு, ஐயா. சின்னச் சிப் ஒண்டு ஒட்டினால் எல்லாம் ஓடும்" என்று கடைக்காரன் பெட்டியைக் கழற்றத் தொடங்கினான்.

கடையைக் காட்டிக் கூட்டிவந்த மகள் தக்சாயினி கடைக்காரனின் கை வேலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஞ்சலிங்கத்தாருக்கோ வாய் ஓயவில்லை.

"சீடி நல்லதோ எண்டு பார். அது எந்த ஊர் எண்டு ஏன்ரா பாக்கிறாய்? படிச்ச மடையங்கள்!"

அவர் திட்டிய திட்டில் கொம்பனி முதலாளிக்கு ஜப்பானில் பதினெட்டு முறை புரையேறியிருக்கும்.

"அப்ப ஊர் பாக்கிறது பிழை எண்டுறியள்?" என்று கேட்டான் கடைக்காரன்.

"பிழையோ? காட்டுமிராண்டித்தனம்!"

கடையில் நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

அரை மணித்தியாலத்தில் திரையில் கார் பறந்தது. பஞ்சலிங்கத்தார் குழந்தையாய்த் துள்ளினார்.

"கெட்டிக்காரன்ரா தம்பி! பேரென்ன?"

"கிருபாகரன். போன மாதம் தரகர் கொண்டுவந்த என்ரை சாதகத்தைப் பொருத்தம்கூடப் பாக்காமல் திருப்பி அனுப்பினனீங்கள்."

பஞ்சலிங்கத்தார் மகளைப் பார்த்தார். மகள் திரையைப் பார்த்தாள்.

"இந்தப் பெட்டி கடல் தாண்டினாப் பிறகுதான் ஊர் பாத்தது, ஐயா" என்றான் அவன், கடைசி ஆணியை முறுக்கியபடி. "நான் பக்கத்து ஊர்க் கோப்பாய் எண்டதுமே நீங்கள் பூட்டிப்போட்டியள்."